அடைத்த துவாரமும் சுண்ணாம்புத் தண்ணீரும்

பதுளை, மேல்பிரிவு லயம்
1921 சனவரி 12

அன்புள்ள யாகோப்பு அண்ணனுக்கு, அம்மா செபஸ்தியம்மா சொல்லத் தங்கை அருளாயி எழுதுவது. கர்த்தர் கிருபையால் நீங்கள் கொழும்பில் சுகமாயிருக்க வேண்டும் என்று அம்மா முதலில் எழுதச் சொன்னார்கள். இங்கும் எல்லாரும் சுகம் என்று அடுத்த வரியைச் சொன்னார்கள், அதற்கு என் கை வரவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், ஒன்றையும் மறைக்கமாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பயப்படாதீர்கள், றோசாலி அண்ணியும் குழந்தையும் உயிரோடு இருக்கிறார்கள்.

போன வியாழக்கிழமை உங்களுக்கு ஆண்குழந்தை பிறந்தது. போன வருஷம் மூத்தது ஒன்பதாம் நாள் இறந்தபோது குளிர் பட்டுத்தான் போயிற்று என்று எல்லாரும் சொன்னார்களே, அந்தப் பயத்தில் அம்மா நம் காம்பரா அறையின் மேல்சுவரில் உள்ள காற்றுத் துவாரத்தைச் சாக்கால் இறுக்கி அடைத்தார்கள், கதவிடுக்கிலும் துணி செருகினார்கள், கட்டிலுக்கு அடியில் கரிச்சட்டி வைத்தார்கள். பிள்ளை பெற்ற அறையில் பதினாறு நாள் விளக்கு அணையக்கூடாது என்பதால் குப்பி விளக்கும் பகலெல்லாம் புகைந்தது. அண்ணி தலையைப் பிளக்கிறது என்று இரண்டு நாளாய்ச் சொன்னார்கள், பிள்ளை பெற்றால் அப்படித்தான் என்று அம்மா சொன்னார்கள். எனக்குப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் காட்டியது ஞாபகம் வந்தது. அம்மாவின் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிவை இரண்டு தட்டில் ஊற்றி, ஒன்றை வாசலிலும் ஒன்றைக் கட்டிலருகிலும் வைத்தேன். வாசல் தட்டு தெளிவாகவே இருந்தது, உள்ளே வைத்தது கொஞ்ச நேரத்தில் பால் ஆடைபோல் வெளுத்துவிட்டது. கெட்ட காற்று நிறைந்திருக்கிறது என்று காட்டினேன். "இருந்த சுண்ணாம்பையும் கரைச்சுத் தொலைச்சிட்டு எனக்கு வைத்தியம் சொல்ல வந்துட்டாடி டாக்டரம்மா" என்று அம்மா சிரித்தார்கள். நான் சாக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும், திட்டுக்குப் பயந்து பிடுங்கவில்லை.

நேற்றுக் காலை அண்ணியைக் கூப்பிட்டால் பதில் இல்லை, குழந்தையின் கை துணிபோல் தொங்கியது. குழந்தையை வாரிக்கொண்டு வாசலுக்கு ஓடிக் கத்தினேன். தேயிலை ஸ்டோரில் காற்றாடி மெசின் பார்க்கும் இத்ரூஸ் நானா ஓடிவந்தார், அண்ணியைக் கட்டிலோடு அம்மாவும் அவருமாய் வெளியே இழுத்தார்கள். மூடுபனியில் வைத்த பிறகுதான் குழந்தை அழுதது, அண்ணியும் கண் திறந்தார்கள். குளிர் என்று யாரும் சொல்லவில்லை. கரிச்சட்டியைப் பார்த்த இத்ரூஸ் நானா, "இலை வாட்டுற மாடியில ரெண்டு கண்ணாடிக் குழாயத் தொங்கவிட்டு, ஈரத்தையும் சூட்டையும் பாத்துப் பாத்துக் காத்து விடுறோம் தங்கச்சி. இலை கெட்டா தொர குதிப்பாரு. இந்த ஒரு சாண் ஓட்டைய நாமளே அடைச்சிக்கிட்டமே" என்றார்.

அம்மாவே ஸ்டூலில் ஏறிச் சாக்கைப் பிடுங்கினார்கள். இப்போது இதை வாசித்துக் காட்டியபோது, "மூத்ததுக்கும் நான்தான் ஓட்டைய அடைச்சேன். அதையும் எழுதுடி, அவன் தெரிஞ்சுக்கட்டும்" என்றார்கள். அப்போது குளிரும் இருந்தது அம்மா என்றேன்.

உன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கரியடுப்பு மூட்டாதே, லீவு கேட்டு வா, பிள்ளைக்குப் பெயர் எழுதி அனுப்பு, மாதா உன்னைக் காப்பாற்றட்டும் என்று அம்மா சொல்கிறார்கள். கீழே சிலுவை அவர்கள் கையால் போட்டது.

✝ செபஸ்தியம்மா
எழுதியவள் அருளாயி

இன்றைக்கு ஏழாம் நாள்தான், பதினாறு ஆகவில்லை. "புகை பிள்ளை மூஞ்சிக்குப் போகுது, எழுதினது போதும்" என்று அம்மாவே குப்பி விளக்கை ஊதி அணைத்துவிட்டார்கள்.