பதினான்கு முகங்கள்

1936 நவம்பர் 8

வலிப்பதில்லை. அதனால்தான் வருவதில்லை. காதுக்கு முன்னால் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. ஐந்து வருடம், எட்டு வருடம் அப்படியே வளர்கிறது. வலிக்காத ஒன்றுக்கு ஆஸ்பத்திரி எதற்கு?

நான்கு வருடப் பதிவேட்டில் உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகள் முப்பத்தொன்று. ஆண்கள் இருபத்தாறு, பெண்கள் ஐந்து. ஆண்களின் நோய் என்கிறார் அண்ணன். அவர் இங்கே சர்ஜன். நான் பெண்கள் வார்டு டாக்டர்.

பெண்களுக்கு வரவில்லையா? பெண்கள் வரவில்லையா?

1938 ஜனவரி 23

பெண்களின் கட்டி முக்காட்டுக்குள் இருந்திருக்கிறது. ஞாயிறுதோறும் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறேன், ஒரு முறை பேரையூர் வரைக்கும். இன்றோடு பதினான்கு பெண்கள். எல்லோரையும் படம் எடுத்திருக்கிறேன்.

இன்று சபியா. அத்தர்க் கடை சேக் இஸ்மாயிலின் மனைவி.

"ஆம்பளைக கண்ணுல படாதுல்ல டாக்டரம்மா?"

"படாது."

"அப்ப இந்தப் பக்கமா எடுங்க. அந்தப் பக்கம் நான் அம்புட்டு லட்சணமில்ல."

கட்டி இந்தப் பக்கம்தான். தாடைக்குக் கீழே. மூன்று மாதத்தில் எலுமிச்சை அளவு. கல் போல.

என் நோட்டில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. காதுக்கு முன் வருபவை பெரும்பாலும் சாது. தாடைக்குக் கீழ் வந்தவர்கள் ஐந்து பேர். அதில் மூவர் இன்று இல்லை.

அறுக்க வேண்டும் என்றேன். என் அண்ணன்தான் அறுப்பார் என்றும் சொன்னேன். யோசித்தாள். "மயக்கத்துல கெடக்கும்போதுதானே? நான் பாக்கலேல்ல, போகட்டும். பக்ரீத் முடிச்சு வாரேன்."

பிப்ரவரி 3

நோட்டையும் படங்களையும் அண்ணன் கேட்டார். ரெண்டு நாளில் தருகிறாராம். கொடுத்தேன்.

பிப்ரவரி 14

சுகாதாரக் கண்காட்சி. மூன்றாவது கூடாரத்தில் பதினான்கு படங்கள், முழம் உயரத்துக்குப் பெரிதாக்கி. கீழே: ஆராய்ச்சி, டாக்டர் அப்துல் அலீம்.

முதலில் என் பெயரைத்தான் தேடினேன். அதற்குப் பிறகுதான் சபியாவின் முகம் கண்ணில் பட்டது. இந்த வரிசையை எழுதிவைக்க வேண்டும்.

பிப்ரவரி 15

"அவுக யாரு பேரும் போடலையே, சாதிகா" என்றார் அண்ணன்.

"முகம் இருக்கே."

"கண்ணுக்குக் கறுப்புப் பட்டை ஒட்டச் சொன்னேன்ல?"

பட்டைக்குக் கீழே சபியாவின் மூக்குத்தி. அவள் உதடு. அவள் கட்டி.

"நான் வாக்குக் கொடுத்திருந்தேன், அண்ணே."

"ஒன்னய யாரு படிக்க வச்சது? அத்தா சம்மதிக்கணும்னு மூணு நாள் சாப்பிடாமக் கெடந்தது யாரு?"

அவர்தான். அது உண்மை.

போய்ப் படங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். யாரும் தடுக்கவில்லை. எல்லோரும் பார்த்து முடித்திருந்தார்கள்.

பிப்ரவரி 17

பக்ரீத் முடிந்தது. சபியா வரவில்லை.

பிப்ரவரி 20

கதவைப் பாதி திறந்து நின்றார் சேக் இஸ்மாயில். "கடைக்கு வாரவனெல்லாம், மாப்ள, ஒன் வீட்டுக்காரி கூடாரத்துல நிக்கிதேங்கிறான். நல்லாருப்பீங்கம்மா. இனி வராதீங்க."

அண்ணனிடம் ஏமாந்தேன் என்று இவரிடம் சொல்வதா? நானா ஏமாந்தேன்?

பிப்ரவரி 21

ஒன்றுமில்லை.

பிப்ரவரி 24

மறுபடி போனேன். கடை நேரம். சபியா உள்ளே விட்டாள், உட்காரச் சொல்லவில்லை. பேசும்போது கீழுதடு ஒரு பக்கம் நகரவில்லை. கட்டி நரம்பைத் தொட்டுவிட்டது.

"அண்ணன் திருடலம்மா. நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

"தெரியும்." முக்காட்டை இழுத்துவிட்டாள். "ஒங்க அண்ணன் ஒங்களுக்கு ஆம்பளயாத் தெரியல. அதானே?"

அதுதான். 'ஆம்பளைக' என்று படமெடுத்த அன்று அவள் சொன்னபோது ஊரில் உள்ள அத்தனை ஆண்களும் என் நினைவுக்கு வந்தார்கள். அண்ணன் வரவில்லை. அவர் முன்னால் நான் முக்காடு போட்டதே இல்லையே.

கட்டியைத் தொட்டுக்கொண்டு கேட்டாள்: "இது என்னயக் கொன்னுருமா?"

"விட்டா, ஆமா."

"ஒங்க அண்ணன் கை எம்மேல படக் கூடாது."

மதராஸில் பெண்களே அறுக்கும் ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது என்றேன். உதடும் கோணலாகவே இருந்துவிடலாம், உயிருக்கும் உறுதி சொல்ல முடியாது என்றேன். இந்த முறை எதையும் சுலபமாகச் சொல்லவில்லை.

"அவுககிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க பேசாதீங்க."

பிப்ரவரி 27

வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தேன். சபியாவையும் அவள் கணவரையும் கூட்டிக்கொண்டு மதராஸ் ரயில் ஏறினேன். அண்ணனிடம் சொல்லிக்கொள்ளவில்லை.