மேசைக்கு மேல் தொங்கிய துடுப்பு

பக்கத்து வீட்டில் சாதிக்காய் இழைக்கிறார்கள். வாசனை மூக்கில் ஏறியதும் கைவேலை நின்றுவிட்டது. இனி உனக்கு இதை எழுதாமல் இருக்க முடியாது, கூட்டாளி.

கோட்டைக்கு எதிரே உலாந்தாத் துரை, அந்த டச்சுக்காரர், நடத்திய அந்தப் பழைய விருந்துக் கூடம். நான் சமையல், நீ பரிமாறுகிறவன். உடைந்த கப்பல்களின் மரத்தைக் கொண்டு கூடம் முழுவதையும் கப்பல் வயிறு மாதிரி கட்டியிருந்தார். திரைச்சீலைக்குப் பாய்த் துணி, கதவுக்குச் சுக்கான் பலகை. நடுவில் வெள்ளை விரிப்பு, சீனத்துத் தட்டு, சாதிக்காய் தூவி வெண்ணெயில் பொரித்த நண்டு. மூழ்கியவர்கள் வீட்டில் உட்கார்ந்து விருந்து சாப்பிடுவது என்ன ரசனையோ, எனக்கு அங்கே நிற்கவே பிடிக்காது.

ஒரு நாள் மேசைக்கு மேலே உன் அண்ணனின் துடுப்பு தொங்கியது. கடலுக்குப் போனவர் திரும்பாத சமயம். கரை ஒதுங்கியதைத் துரையின் ஆள் எடுத்து வந்திருக்கிறான். பிடியில் அவர் சூடு போட்ட மீன் குறியை நீ தடவிப் பார்த்தாய். ஆளில்லாமல் கரைக்கு வந்ததை, ஏரி நீர் வற்றிக் கடலுக்குள் இறங்கும் நேரத்தில், கடலுக்கே திருப்பி விடுவது உங்கள் குப்பத்து வழக்கம். அதுவரை அந்த வீட்டில் உலை ஏறாது. நீ துடுப்பைத் திருப்பிக் கேட்டதற்குத் துரை சிரித்தார். அதைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறதாம்.

"அம்மா பட்னி கெடக்குது. நான் இன்னாத்த துன்றது?" என்றாய். அந்தத் துடுப்பின் கீழேயே தட்டுத் தட்டாகக் கொண்டுபோய் வைத்தாய்.

கடைசியில் ஒரு விருந்தின் நடுவே மேசை மேலேயே ஏறினாய். துடுப்பை அவிழ்த்துக்கொண்டு நேராக ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்துக்கு நடந்தாய். நானும் பின்னால் ஓடி வந்தேன். ஏரித் தண்ணீர் கடலுக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. இடுப்பளவில் நின்ற உன்னை, "உட்டுட்டு வாடா" என்று கூப்பிட்டேன்.

"இங்க உட்டா திரும்பி வந்துடும்டா. இன்னும் கொஞ்சம் போறேன்." அதுதான் நீ பேசிய கடைசிப் பேச்சு.

விடிந்ததும் துடுப்பு மட்டும் வந்தது. துரையின் ஆள் வருவதற்குள் உன் அம்மா அதைப் பிளந்து அடுப்பில் வைத்து உலையேற்றிவிட்டாள். கடலுக்குச் சேர வேண்டியதை எரிக்காதே என்று குப்பமே வாசலில் நின்று கெஞ்சியது. "கடலுக்குக் குடுக்க இனிமே எங்கிட்ட இன்னா இருக்குது?" என்றாள். சோற்றை வடித்துத் தட்டில் கொட்டினாள். ஒருவரும் கிட்டே வரவில்லை. நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தின்றேன்.

அடுத்த மழையில் அவளை ஏரி கொண்டுபோயிற்று. அந்தச் சோற்றைத் தின்றவர்களில் இனி நான்தான் மிச்சம். என்னைக் கண்டால் குப்பத்தில் இன்றும் பேச்சை நிறுத்துகிறார்கள். நான் படகு ஏறுவதில்லை, தண்ணீரில் கால் நனைப்பதில்லை. பயமாகத்தான் இருக்கிறது, கூட்டாளி. ஆனாலும் உன் அம்மாவைத் தனியாகத் தின்ன விட்டிருக்க முடியாது.