நான்காவது சி

கிளிநொச்சி,
புதன்கிழமை.

அன்பு மகள் பிரஷாந்தினிக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஆண்டவரை மன்றாடி அப்பா எழுதுவது. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போன் எடுத்தால் அம்மா பக்கத்தில் வந்து இருந்துவிடுவார். இது அவர் கேட்கக்கூடாத விசயம். இரண்டு தரம் எழுதிக் கிழித்தேன். இதைப் பக்கத்து வளவுத் தயாபரன் படமெடுத்து உனக்கு அனுப்புவான்; தபாலுக்குக் காத்திருக்க நேரமில்லை.

நீ அனுப்பிய கீபோர்ட் வந்து ஒரு மாதமாகிறது. பழகிய வேலையைக் கைக்குக் கொடுத்தால் மறதி கொஞ்சம் மெதுவாக வரும் என்று வவுனியா டொக்டர் சொன்னதால்தான் உன்னிடம் கேட்டேன். முதல் நாள் அம்மா அதன் முன் இருந்தார். இரண்டு பெருவிரல்களும் தொடங்கும் கட்டையைத் தேடித் தடவித் தடவி நின்றுவிட்டன. "மிடில் சி எங்கையப்பா?" என்று கேட்டார். தேவாலயத்தில் நாற்பது வருடம் பியானோ வாசித்தவர்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. நில அளவைக் கந்தோரில் படம் வரைந்தவன். எந்தக் காணியையும் ஆதாரக் கல்லைத் தேடிப்பிடித்துத்தான் அளக்கத் தொடங்குவோம். இதையும் அப்படிச் செய்யலாம் என்று நினைத்தேன். கீபோர்ட்டோடு நீ வைத்து அனுப்பிய பாடப் புத்தகத்தை எடுத்தேன். தாளில் மிடில் சி, அதாவது நடுச் சுரம், மேல் ஐந்து கோடுகளுக்கும் கீழ் ஐந்து கோடுகளுக்கும் இடையில், தனக்கென்று ஒரு குட்டிக் கோட்டில் நிற்கிறது. கட்டைகளில், இரட்டைக் கறுப்புகளை ஒட்டி இடப்பக்கம் இருக்கும் வெள்ளை எல்லாம் சி. இடமிருந்து நான்காவது சி தான் மிடில் சி என்று போட்டிருந்தது. அடிமட்டம் வைத்து எண்ணினேன். "ஐயா, பியானோவுக்கும் எல்லைக்கல்லுப் போடப்போறியளோ?" என்று தயாபரன் வேலிக்கு மேலால் பகிடி பண்ணினான். நான்காவதில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டினேன்.

அம்மா வாசித்தார். நிறுத்தினார். "இது நடு இல்லை, குருவிக்குஞ்சு கத்துற மாதிரிக் கிடக்கு" என்றார். நான் புத்தகத்தைக் காட்டினேன். மறுநாளும் சொன்னார். மறுநாளும் காட்டினேன். மூன்றாம் வாரம், "அப்ப என்ரை காதும் போட்டுது" என்று சொல்லி, துவாயால் அதை மூடிவிட்டு எழும்பினார்.

அன்றிலிருந்து நான் அவருக்குச் "சேர்". சின்ன வயதில் தன்னைப் பியானோவில் சோதிக்க வந்த யாரோ என்று நினைக்கிறார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "நான் பெயில் தானே சேர்?" என்று கேட்கிறார்.

நேற்று அவர் நித்திரையானதும்தான் துவாயை விலக்கிக் கட்டைகளை முழுதாக எண்ணினேன். புத்தகம் எண்பத்தெட்டுக் கட்டைப் பியானோவுக்கு எழுதியது. இதில் அறுபத்தொன்று. இடப்பக்கத்தில் பதினைந்து கட்டை இல்லை, அவற்றோடு ஒரு சி யும் இல்லை. மிடில் சி மூன்றாவது. அம்மா சொன்னதுதான் சரி, மகள். என் பெயர்கூடத் தடுமாறும் நிலையில் அது ஒன்று அவருக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. நான் புத்தகத்தைக் காட்டிக் காட்டி அதையும் பறித்துவிட்டேன்.

பொட்டை மாற்றி ஒட்டினேன். மன்னிப்புக் கேட்டேன். நீங்கள் பாஸ் என்றும் சொல்லிப் பார்த்தேன். "ஆறுதலுக்குச் சொல்லாதையுங்கோ சேர்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். துவாயைத் தொட விடுகிறாரில்லை. நித்திரையில் மட்டும் பெருவிரல்கள் போர்வையில் எதையோ தேடுகின்றன. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

உன் குரலை அவர் இன்னும் மறக்கவில்லை. எத்தனை நாளைக்கென்று எனக்குத் தெரியாது. வதிவிட அனுமதி வராமல் நீ நாட்டுக்கு வர முடியாது என்பது தெரியும். அதை நான் கேட்கவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போன் எடு. சுகம் விசாரிக்காதே. சின்னப்பிள்ளையில் கேட்பது போல, "அம்மா, மிடில் சி எது?" என்று கேள். உனக்கென்றால் துவாயை எடுப்பார். ஏதாவது ஒரு கட்டையைத் தொடுவார். "ஓம் அம்மா, அதுதான்" என்று சொல். அது பிழையான கட்டையாக இருந்தாலும் அப்படியே சொல். நான் முற்றத்தில் நின்று யன்னலால் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் எதைத் தொடுகிறாரோ, பொட்டை அங்கே ஒட்டிவிடுகிறேன்.

உன் அனுமதிக் கடிதத்தை ஆண்டவர் சீக்கிரம் உன் கையில் தரட்டும்.

அன்புடன்,
அப்பா