இல்மாவின் பக்கம், ஹுதைபாவின் பக்கம்

ஏப்ரல் 6, திங்கள்

மழை. கடையைப் பூட்டிவிட்டு வந்தபோது இல்மா என் அக்கா ஜஹானா ராத்தாவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். ராத்தா போன பிறகு போனில் எழுதினேன்: ‘பால் குடித்தாள். தூங்கினாள்.’

இப்படிப் போனில் எழுதிப் பகிர்வது என் யோசனைதான். போன் திருத்துகிறவனுக்கு வேறென்ன தோன்றும்? இரட்டையரில் ஒன்று என்னோடு கெலிஓயா வீட்டில். மற்றது என் மனைவி மஸீனாவோடு கண்டி ஆஸ்பத்திரியில். குறைமாதத்தில் பிறந்தவர்கள். இல்மா தேறிவிட்டாள். வார்டில் சளிக்காய்ச்சல் பரவுகிறது, இவளை வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார் டொக்டர். இவள் தம்பி ஹுதைபா இன்னும் கண்ணாடிப் பெட்டிக்குள். மகனுக்கு ஒரு பக்கம், மகளுக்கு ஒரு பக்கம். அவனைப் பற்றி மஸீனா எழுதுவாள், இவளைப் பற்றி நான். இரண்டு போனிலும் இரண்டும் தெரியும். யார் திறந்து பார்த்தார்கள் என்பதும் தெரியும்.

ஹுதைபாவின் பக்கத்தில் புதிதாக ஏதோ விழுந்திருக்கிறது. நாளைக்குப் பார்க்கலாம்.

ஏப்ரல் 8, புதன்

பார்க்கவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

போன வாரம் அவன் பக்கத்தைக் கடைசியாகத் திறந்தபோது கடையில் இருந்தேன். கையில், பற்றவைக்கும் சூடான ஈயக்கோல். ‘வயிறு வீங்கி ஈக்கி. பால நிப்பாட்டிட்டாங்க’ என்று இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு யாருடையதோ போனைப் பொசுக்கிவிட்டேன். அதற்குப் பிறகு விரல் அந்தப் பக்கத்துக்குப் போகமாட்டேன் என்கிறது.

மஸீனா கறந்து வைக்கும் பாலை ஹில்மிதான் தினமும் கொண்டுவருகிறான். காலையில் கண்டிக்கு த்ரீவீல் ஓட்டுகிறவன், பழைய சிநேகிதன்.

“நீயும் வாயேன் மச்சான். அந்தப் புள்ள மஸீனா ஒன்னயத்தான் கேக்குது.”

“கடைய யார் பாக்குற?”

ஒரு காலைப்பொழுது பூட்டிக் கிடந்தால் அந்தக் கடைக்கு என்ன வந்துவிடும்? அவனுக்கும் தெரியும். பால் கொண்டுவந்த ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.

ஏப்ரல் 11, சனி

இல்மாவுக்குப் பழைய சட்டையின் பொத்தான் பூட்ட வரவில்லை. கன்னம் தொங்குகிறது. குளிப்பாட்டினால் காலை உதைத்துத் தண்ணீரை என் முகத்தில் அடிக்கிறாள். எல்லாவற்றையும் பக்கத்தில் எழுதினேன். எழுதிவிட்டு அழித்தேன். மூக்கில் குழாயோடு கிடக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு இதையா அனுப்புவது?

‘குடித்தாள். தூங்கினாள்.’ போதும்.

ஏப்ரல் 14, செவ்வாய்

புதுவருஷம். டவுன் முழுக்கப் பூட்டு. மத்தியானம் மஸீனா போனில் கோல் எடுத்தாள். சலாம்கூடச் சொல்லவில்லை.

“ஹுதைபாட பக்கத்த நீங்க தொறக்கவே இல்ல.”

“கடையில வேல...”

“இன்டைக்குமா?”

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“ஒப்பரேஷன் செய்யவேண்டி வருமோ தெரியான்டு எழுதினேன். மூணு நாளா நீங்க பாக்கவே இல்ல. நான் யார்ட்ட கேக்கிற?”

“எனக்கி பயம், மஸீனா.”

“எனக்கி பயமில்லன்டு யார் சொன்ன?”

பிறகு குரல் இறங்கியது. “இல்மாவப் பத்தியும் என்னத்த எழுதுறீங்க? குடிச்சாள், தூங்கினாள். கோழிக்குஞ்சுக்கு எழுதுற மாதிரி. என்ட புள்ள எப்படி ஈக்கிறாள்ன்டு எனக்கித் தெரியா.”

வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 15, புதன்

அவள் எதுவும் எழுதவில்லை. காலையிலிருந்து திறந்து திறந்து பார்க்கிறேன் — இப்போதுதான் விரல் போகிறது. புதிதாக ஒன்றும் இல்லாததால் பழையதை எல்லாம் வாசித்தேன்.

‘இன்டைக்கும் பாலில்ல. என்ட விரலப் புடிச்சான்.’

‘டொக்டர் ஒண்டும் சொல்லல்ல. அவர்ட முகத்தத்தான் பாத்தேன்.’

‘நீங்க வந்தா நல்லம்.’

இதை எட்டாம் தேதி எழுதியிருக்கிறாள். எட்டாம் தேதி நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? சார்ஜர் விற்றுக்கொண்டு இருந்தேன். சீ. நானெல்லாம் ஒரு வாப்பா.

ஏப்ரல் 16, வியாழன்

ஹில்மியோடு போனேன். மஸீனா தாய்மாரின் அறை வாசலில் நின்றாள். கழுத்தெலும்பு தெரிகிறது. என்னைப் பார்த்துவிட்டு, பால் போத்தல்களை ஹில்மியிடம் கொடுத்தாள்.

“ஒப்பரேஷன் தேவப்படாதாம். கிருமி குறைஞ்சீக்கி,” என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. “நீங்க இவனோட இரிங்க. நான் அவளப் பாக்கப் போறேன்.”

கையைக் கழுவச் சொல்லி, சட்டையைத் திறக்கச் சொல்லி, நர்ஸ் மிஸ் அவனை என் நெஞ்சில் வைத்தார். கனமே இல்லை. மூச்சு விடுவது மட்டும் தெரிந்தது. அசையப் பயந்து அப்படியே இருந்தேன்.

பின்னேரம் போன் அடித்தது. மிஸ் பார்த்தும் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார். மஸீனாவின் குரலுக்கும் மேலாக இல்மாவின் அழுகை.

“நான் தூக்கினா கத்துறாள். என்ன யாரோன்டு நெனக்கிறாள். ஜஹானா மதினி சொல்றா, நீங்க என்னமோ செய்வீங்களாம். என்ன செய்ற?”

“தோளில போட்டுக்கொண்டு நடங்க. பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுற மாதிரி சொல்லணும்.”

“எப்படி?”

சுற்றிவர, பிள்ளைகளை நெஞ்சில் வைத்தபடி தாய்மார். மெதுவாகச் சொன்னேன்: “கம்பளை கம்பளை கம்பளை...”

“கேக்கல்ல!”

“கம்பளை கம்பளை கம்பளை! ஏறுங்க ஏறுங்க!”

ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மிஸ்ஸுக்கே சிரிப்பு. போனுக்குள் மஸீனாவின் குரல், “கம்பளை, கம்பளை” என்று நடந்துகொண்டிருந்தது. இல்மா விக்கினாள், பிறகு அடங்கினாள். அதற்குப் பிறகு கேட்டது மஸீனாவின் அழுகை.

“இத ஏன் எழுதல்ல?”

“ஒங்களுக்கு கவலையா ஈக்குமேன்டு...”

“இது இல்லாமத்தானே நான் இங்க செத்துக்கொண்டு ஈந்தேன்.”

ஹுதைபாவின் தலையை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன்.

ஏப்ரல் 20, திங்கள்

ஒருநாள் அவள், ஒருநாள் நான். கடை பாதிநாள்தான். இல்மா இன்னும் மஸீனாவை முறைத்துப் பார்க்கிறாள்.

மே 3, ஞாயிறு

இன்று என் முறை. குழாயை எடுத்துவிட்டார்கள். ஆனால் கண் டொக்டர் வந்து பார்த்தார். குறைமாதப் பிள்ளைகளுக்கு வரும் விழித்திரைக் கோளாறுதானாம், பார்வை எவ்வளவு தேறும் என்று இப்போது சொல்ல முடியாதாம்.

பக்கத்தைத் திறந்தேன். மெதுவாகச் சொல்லலாமா, நாளைக்கு நேரில் சொல்லலாமா? பிறகு, டொக்டர் சொன்னதை அப்படியே எழுதினேன். கடைசியில், ‘எனக்குக் கால் உதறுது’ என்றும் எழுதினேன்.

உடனே கோல். “கதிரையில இரிங்க. தண்ணி குடிங்க. நான் வாறேன்.”

மே 24, ஞாயிறு

ஹுதைபா வீட்டுக்கு வந்து ஒரு வாரமாகிறது. அடுத்த மாதம் மறுபடியும் கண் கிளினிக். டொக்டர் எதற்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்தவன் அசந்துபோனேன். விழித்தபோது நிழல் இறங்கியிருந்தது. குசினியில் மஸீனா யாருக்கோ ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். போனை எடுத்துப் பக்கத்தைத் திறந்தேன்.

‘ஹுதைபா: குடிச்ச பால என்ட தோளில கக்கினான்.

இல்மா: அதப் பாத்துச் சிரிச்சாள். கள்ளி.

வாப்பா: தூங்குறார். எழுப்பல்ல.’