வல்லாரைக்கு ஒரு செக் ஷீட்

ஜூன் 3, செவ்வாய்

டீ பிரேக்கில் சூப்பர்வைசர் புருஷோத்தமன் வல்லாரைச் சாறு பாட்டிலை நீட்டினார். "எலி மூளையையே காப்பாத்திகீதாம்மா, போன்ல போட்டுகீறாங்க. பாப்பாவுக்கு குடு, ஒரே மாசத்துல பேசும்."

என் மகள் நிலாவுக்கு ஆறு வயது. ஆட்டிசம். எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல் தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறாள். அதை மட்டும் சொல்லிவிட்டால் போதும் எனக்கு. வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 5

டாக்டர்: "எலிங்ககிட்ட பாத்திருக்காங்க லிடியா. குழந்தைங்களுக்கு உதவுமான்னு இன்னும் தெரியாது. நீங்களா குடுக்காதீங்க. பயிற்சியை விட்டுடாதீங்க."

எலிக்கு ஆட்டிசம் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? வடையை வரிசையாக அடுக்கியதா?

ஜூன் 6

கொடுத்துவிட்டேன். டாக்டரைக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

பிரேக் டிரம் கம்பெனியில் பதினோரு வருடம் குவாலிட்டி செக்கிங்கில் இருப்பவள், சும்மா கொடுப்பேனா? செக் ஷீட் போட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். தூக்கம், கண்ணைப் பார்ப்பது, தலை மோதுவது. நன்றாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர், ரிஜெக்ட் என்றால் சிவப்பு.

"புள்ளயா, பிரேக் டிரம்மா?" என்றார் என் வீட்டுக்காரர் சாம்சன். அவர் சட்டையில் ஒரு சிவப்பு ஒட்டினேன்.

ஸ்பூனை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்த்தான் குடிக்கிறாள் மகாராணி.

ஜூன் 14

எல்லாம் பச்சை! கேன்டீன் கொம்பையா வரைக்கும் பாட்டில் கேட்கிறார். புருஷோத்தமன் ஸ்பெஷலிஸ்ட் மாதிரி நடக்கிறார். தண்டலத்தில் நிலாவுக்கு நடக்கும் பயிற்சி வகுப்புக்கு இன்று போகவில்லை. இனி எதற்கு?

ஜூன் 19

பால்கனி கறிவேப்பிலைத் தொட்டியில் மண்ணெல்லாம் பச்சை.

"தெனம் செடிக்குத்தான் ஊத்துது. நீ சந்தோஷமா இருந்தியேன்னு சொல்லல" என்கிறார் சாம்சன். பாவி மனுஷா!

அப்போ நான் ஒட்டின பச்சையெல்லாம்? அளவு ரொம்ப நன்றாக வந்தால் முதலில் அளக்கிற கருவியை, கேஜைச் சந்தேகப்படு - டிரெய்னிகளுக்கு நானே சொல்வது. இங்கே கேஜ் நான்தான். பன்னிரண்டாம் தேதி ஐந்து முறை மோதினாள். இரண்டு என்று எழுதி, மூன்றைத் "தட்டினாள்" என்று போட்டிருக்கிறேன். உட்கார்ந்து அழுதேன்.

ஜூன் 20

பாட்டிலைக் கொட்டத்தான் எடுத்தேன். நிலா ஓடிவந்து சிவப்பு ஸ்டிக்கரைப் பிய்த்து அதில் ஒட்டினாள். அடுத்து உப்புமாவில். அடுத்து அப்பா மூக்கில்.

வேண்டாம் என்கிறாள்! என் பிள்ளை வேண்டாம் என்கிறாள்!

ஜூன் 21

திரும்பவும் தண்டலம். பயிற்சி டீச்சர் கிரேசி ஷீட்டைப் பார்த்துச் சிரித்தார். "இந்த ஸ்டிக்கரையே புடிச்சுக்கலாம். விடாதீங்க."

ஜூலை 2

கறிவேப்பிலை தளதளவென்று இருக்கிறது. புருஷோத்தமனிடம் சொல்லவில்லை.

ஜூலை 9

காலையில் வயிற்றில் ஒரு சிவப்பு ஸ்டிக்கரோடு வந்து என் முன்னால் நின்றாள். சுவர்ப் பக்கம் போகவே இல்லை. ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டேன்.