பொட்டில்லாத கார்டு

விளிம்பு நிலையம், நிலவின் தென்முனை
பதிவேடு எழுதுபவர்: ஜெசிந்தா மச்சாடோ, கணினிப் பொறியாளர்

நாள் 9 / 08:10

வழக்கமான பதிவு. மின்சாரம் சரி. காற்று இருப்பு 94 விழுக்காடு. தண்ணீரைக் குடிக்கலாம், மூக்கைப் பிடித்துக்கொண்டால். என்னோடு இருக்கும் ஒரே ஆள் இசக்கிமுத்து. நிழல் பள்ளத்தில் மண் மாதிரி எடுப்பதற்காக நேற்று வண்டியோடு இறங்கினார், நாளை மாலைக்குள் திரும்புவார்.

எனக்கு முன் ஆறு மாதம் இங்கே இருந்த திருவேங்கடம் ஒரு நல்ல மனிதர் என்று பூமியில் எல்லோரும் சொன்னார்கள். இன்று அவருடைய கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன். முறுக்குத் தூள், தலைமுடி, ஒரு நகத்துண்டு. நிலவில் எதுவும் சட்டென்று விழாது. அந்த நகம் என் கண்முன்னால் ஆற அமர இறங்கி மேசையில் உட்கார்ந்தது. காலைச் சாப்பாடு வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

மாற்று விண்வெளி உடையைத் திறந்தேன். உள்ளே அவருடைய வியர்வை வாடை. ஆக்சிஜன் குப்பியின் வாயடைப்பு தேய்ந்து கசிகிறது, நிரப்பினால் நிற்காது. அதற்கு ஸ்பேர் அடுத்த கப்பலில்தான் வரும். ஒப்படைப்புப் படிவத்தில் அவர் எழுதியிருப்பது: உடை நன்று, சர்வர் நன்று, எல்லாம் நன்று.

சர்வர் பதிவில் பதினான்கு புகார் வரிகள் வந்திருக்கின்றன.

நாள் 9 / 11:30

இதைப் படிப்பவர் கணினிக்காரராக இல்லாமல் இருக்கலாம். அதனால் ஒருமுறை விளக்கிவிடுகிறேன்.

இங்கே இருப்பது ஒரே சர்வர். அதற்குள் இரண்டு மெய்நிகர் கணினிகள் ஓடுகின்றன, ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் இருப்பதுபோல. ஒன்று நிலையத்தின் காற்றைப் பார்த்துக்கொள்கிறது. இன்னொன்று வண்டியோடு பேசுகிறது. சர்வரின் மெமரியை அறை அறையாகப் பிரித்துக் கொடுப்பது வீட்டுக்காரர் வேலை செய்யும் ஒரு மென்பொருள்.

வண்டியின் செய்திகள் ஒரு நெட்வொர்க் கார்டு வழியாக வருகின்றன. வேகம் வேண்டும் என்று அந்தக் கார்டை நேராக வண்டிக் கணினியின் கையிலேயே கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்காரரைக் கேட்காமல் அது நேரே மெமரியில் எழுதும். அடுத்த குடித்தனத்தின் அறைக்குள் எழுதிவிடாமல் தடுக்க ஒரு காவல் உண்டு. இப்போது கத்துவது அந்தக் காவல்தான்: “உரிமையில்லாத மெமரியில் எழுத முயன்றது, தடுக்கப்பட்டது.” தடுக்கப்படும் ஒவ்வொரு எழுத்தும் வண்டியிலிருந்து வந்த ஒரு செய்தித் துண்டு. அது தொலைந்து போகிறது.

பதினான்கு இப்போது இருநூற்றுப் பத்து.

நாள் 9 / 14:05

தொள்ளாயிரத்தைத் தாண்டிவிட்டது. தரைக் கட்டுப்பாட்டைக் கூப்பிட்டேன். இன்றைய ஷிப்டில் சுந்தரவதனன்.

“மேடம், ஒரு வாட்டி ரீபூட் பண்ணிப் பாத்துட்டீங்களா?”

பதினெட்டு வருடம் படித்து, பயிற்சி எடுத்து, மூன்றே முக்கால் லட்சம் கிலோமீட்டர் தாண்டி வந்து இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது. வண்டிக் கணினியை மட்டும் ரீபூட் செய்தேன். ஒரு மணி நேரம் புகார் இல்லை. பிறகு பழைய குருடி.

நாள் 10 / 07:40

கண்டுபிடித்தேன். எப்படி என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

திருவேங்கடம் பக்திமான். ஆயுத பூஜைக்கு இங்கே இருக்கிற எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறார். சர்வருக்கு, பேட்டரிக்கு, வெந்நீர்ப் பானைக்கு, சிறுநீரைச் சுத்திகரிக்கும் இயந்திரத்துக்குக்கூட. சர்வரில் ஒவ்வொரு கார்டின் முகத்திலும் ஒரு பொட்டு, நாலு மாதத்தில் காய்ந்து பொரிந்து கிடக்கிறது. தூத்துக்குடியில் எங்கள் வீட்டில் வண்டிக்குச் சிலுவைதான் போடுவோம், ஆனாலும் ஒன்றுக்குப் போட்டு ஒன்றை விட்டால் எங்களுக்கும் உறுத்தும். நெட்வொர்க் கார்டில் மட்டும் பொட்டு இல்லை.

படிவத்தின்படி அந்தக் கார்டு நிலையம் கட்டிய நாளிலிருந்து மாற்றப்படவே இல்லை. பொட்டின்படி ஆயுத பூஜைக்குப் பிறகு மாற்றப்பட்டிருக்கிறது. நான் பொட்டை நம்புகிறேன்.

நாள் 10 / 09:15

திருவேங்கடம் பூமியில்தான் இருக்கிறார். சுந்தரவதனன் அவரை இணைப்பில் கொண்டுவந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“ஆமா மேடம், பழைய கார்டு போயிடுச்சு. ஸ்டோர்ல இருந்தத மாட்டி டைரக்டா குடுத்துட்டேன். இந்த மெசேஜ் அப்பவும் வந்துச்சு. காவலத் தளர்த்தி விட்டேன், நின்னுடுச்சு. அதுக்கப்புறம் வண்டி வெளிய போகல, தொந்தரவும் இல்ல. கெளம்புறப்ப இன்ஸ்பெக்‌ஷன்னு சொன்னாங்களா, திரும்ப ஆன் பண்ணிட்டு வந்துட்டேன். நீங்களும் தளர்த்தி விட்டுருங்க. ஒரே வரிதான்.”

ஏன் எழுதி வைக்கவில்லை என்று கேட்டேன்.

“படிவத்துல அதுக்கு எடம் இல்லியே மேடம்.”

பழைய கார்டுக்கு வீட்டுக்காரர் நடுவில் நின்று வாங்கிக் கொடுத்தார். சும்மா கிடக்கும் மெமரி அறைகளை அவர் இந்தக் குடித்தனத்திடமிருந்து எடுத்து அந்தக் குடித்தனத்துக்குக் கொடுப்பது வழக்கம். அறை மாறினால் அவருக்குத் தெரியும், கார்டுக்குத் தெரிய வேண்டியதில்லை. நேரடியாகக் கொடுத்த கார்டுக்கு அறை மாறியதைச் சொல்ல யாருமில்லை. அது பழைய விலாசத்திலேயே எழுதிக்கொண்டிருக்கும். கார்டை நேரடியாகக் கொடுப்பவர் மெமரியை அசையாமல் கட்டிப்போட வேண்டும். முதல் வருடப் பாடம். அதைச் செய்யாமல், கத்திய காவலின் வாயைப் பொத்தியிருக்கிறார், பானைக்கெல்லாம் பொட்டு வைத்த மனிதர்.

சரியான வழி: மெமரியைக் கட்டிப்போட்டு முழு சர்வரையும் நிறுத்தி எழுப்புவது. நாற்பது நிமிடம் ஆகும். அதுவரை வண்டிக்கு வரைபடம் போகாது.

நாள் 10 / 10:20

நிறுத்தப் போகும்போது இசக்கிமுத்துவின் குரல், துண்டு துண்டாக:

“எக்கா, நான் கெளம்பிட்டேன்... சரிவுல ஏறிட்டிருக்கேன். மேப்பு பாதிதான் வருது... பக்கத்துல என்ன கெடக்குன்னே தெரியல. செத்த சரி பண்ணிக் குடுங்கக்கா.”

சூரியனே பார்க்காத பள்ளம் அது. வரைபடம் இல்லாமல் பாதையைக் கண்டுபிடிக்க முடியாது. சரிவின் நடுவில் ஒரு மனிதரை நாற்பது நிமிடம் குருடாக நிற்க வைக்க எனக்கு மனம் வரவில்லை.

காவலைத் தளர்த்தினேன். ஒரே வரிதான். அவர் வந்து சேரும்வரை மட்டும் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

நாள் 10 / 10:40

புகார் ஒன்றுகூட இல்லை. திரை துடைத்துவிட்டதுபோல் இருக்கிறது. வண்டியின் கடைசிக் காற்றுக் குப்பி 71 விழுக்காடு, பாதை சரி. திருவேங்கடம் அப்படியொன்றும் முட்டாள் இல்லை என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக என் மேலேயே அருவருப்பு வந்தது.

நாள் 10 / 13:05

வண்டி 71. அவரிடமிருந்து பேச்சு இல்லை, ஏறுகிற வேலையில் இருப்பார். எனக்குத் தலைவலி. கொட்டாவி கொட்டாவியாக வருகிறது.

தரையிலிருந்து சுந்தரவதனன்: “மேடம், பிரச்சன தீந்துடுச்சுல்ல? க்ளோஸ் பண்ணிடலாமா?” ஆள் வந்து சேரட்டும் என்றேன்.

நாள் 10 / 15:08

71.

நாலரை மணி நேரமாக ஒரு மனிதர் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார், அவருடைய காற்று ஒரு விழுக்காடுகூட இறங்கவில்லை. அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே டீ குடித்திருக்கிறேன். நானா பொறியாளர்?

நிமிர்ந்து சுவரில் நிலையத்தின் காற்றுப் பலகையைப் பார்த்தேன். நேற்று 94. இப்போது அதுவும் 71.

அவருடைய எண் என் சுவரில் இருக்கிறது. கார்டு காற்றுக் கணினியின் மெமரிக்குள் எழுதிக்கொண்டிருக்கிறது. கைக்கருவியை எடுத்து அறையை அளந்தேன். ஆக்சிஜன் இருபத்தொன்று இருக்க வேண்டும், பன்னிரண்டுதான் இருக்கிறது. காற்றுக் கணினி குப்பையைப் படித்துவிட்டு நைட்ரஜன் வால்வைத் திறந்து வைத்திருக்கிறது. வால்வு வெளிச்சுவருக்குப் பின்னால், கைக்கு எட்டாது.

காற்றுக் கணினியின் மெமரியில் இருப்பதை முழுதும் திரையில் கொட்டிப் பார்த்தேன். உள்ளே அவர் அனுப்பியதெல்லாம் கிடக்கிறது. ஒன்றும் எனக்கு வந்து சேரவில்லை.

11:50 “எக்கா, மேப்பு நின்னுட்டு. ஒரே எடத்துல காட்டுது.”

13:20 “எக்கா, கேக்குதா? பாதைய விட்டுட்டேன்னு நெனக்கேன். வண்டிய நிப்பாட்டிட்டேன்.”

14:10 “எக்கா, கோவமா இருக்கீயளா? ஏதாச்சும் பேசுங்க.”

15:05 “காத்து ஒண்ணர மணி நேரத்துக்கு இருக்கு. மேப்பு வந்தா நாப்பது நிமிசத்துல வந்துருவேன். இங்கனயே நிக்கேன்.”

நாள் 10 / 15:12

இரண்டு வழி.

கார்டைப் பிடுங்கிவிட்டு காற்றுக் கணினியை மட்டும் எழுப்பலாம். ஐந்து நிமிடம். வால்வு மூடிக்கொள்ளும், நான் பிழைப்பேன். ஆனால் அந்தக் கணினி நிதானத்துக்கு வர ஒரு மணி நேரம் எடுக்கும். அதற்குள் தொட்டால் வால்வுகள் பூட்டிக்கொண்டு, வந்து சேர்ந்தாலும் அவருக்குக் கதவு திறக்காது. அதன் பிறகு முழு சர்வருக்கு நாற்பது நிமிடம். அவருக்கு அவ்வளவு நேரம் இல்லை.

இல்லாவிட்டால் இப்போதே முழுவதையும் சரியாகச் செய்யலாம். 15:52க்கு வரைபடம் போகும். 16:32க்கு அவர் கதவில் இருப்பார். அவருடைய காற்றில் மூன்று நிமிடம் மிச்சம். ஆனால் 15:52 வரை வால்வு திறந்தே இருக்கும். மாற்று உடையின் குப்பி நிற்காது, அதை நாள் 9ல் எழுதியிருக்கிறேன்.

அந்த ஒரு வரியை எழுதியது திருவேங்கடம் இல்லை. நான். யோசிக்க ஒன்றும் இல்லை.

மெமரியைக் கட்டிப்போட்டேன். காவலைத் திரும்ப நிறுத்தினேன். மூன்று தடவை படித்துப் பார்த்தேன், எழுத்துகள் நகர்கின்றன. சர்வரை நிறுத்தினேன். இனி கைக்கணினியில் எழுதுகிறேன்.

நாள் 10 / 15:24

ஆக்சிஜன் பத்து. நகங்கள் நீலமாகிவிட்டன. அந்த மனிதருடைய நகத்தைத் துடைத்துப் போட்ட அதே மேசையில் என் நகங்கள்.

பயமாக இருக்கிறது. அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

நாள் 10 / 15:33

சந்தனம் இல்லை. பற்பசையும் சிவப்புப் பேனாவும். கார்டில் பொட்டு வைத்துவிட்டேன் கோணலாக. இந்தக் கார்டைத் தொட்டது நான். துடைக்க வேண்டாம். மெமரியை அசைக்க வேண்டாம் யாரும். காவல் கத்தினால் கேளுங்கள்

அது கத்துவது நமக்காக

சிரிப்பாக வருகிறது ஏனோ. இசக்கி, வலது பக்கமாக வாருங்கள் இடது பக்கம் பாறை

வலது

நாள் 10 / 17:20

எழுதுவது இசக்கிமுத்து, வண்டி ஓட்டுநர், நிலவியலாளர்.

15:53க்கு வரைபடம் வந்தது. அக்காவைக் கூப்பிட்டேன், பதில் இல்லை. 16:31க்குக் கதவை அடைந்தேன். உள்ளே ஆக்சிஜன் அதற்குள் பத்தொன்பதுக்கு ஏறியிருந்தது. அக்கா சர்வருக்குப் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். விரலில் பற்பசை இருந்தது. இருபத்தைந்து நிமிடம் மார்பை அழுத்தினேன். எழுந்திருக்கவில்லை.

பதிவேட்டை முழுதும் படித்தேன். அவர் கோபமாக இருக்கிறாரோ என்று கேட்டிருந்தேன். அதை நினைத்தால் தாங்கவில்லை.

தரைக்குச் சொன்னேன். பிறகு திரையில் சுந்தரவதனனின் செய்தி வந்தது. அது தானாகப் போகும் செய்தி, அவர் நிறுத்த மறந்திருக்கிறார்: “நெட்வொர்க் கார்டு மெமரிப் பிழை, புகார் எண்ணிக்கை சுழி. சரி செய்யப்பட்டது என முடிக்கலாமா?”

அவரைத் திரும்பக் கூப்பிட்டுச் சொன்னேன். “போட்டுக்கோங்க சார். ஆனா சரி பண்ணது யாருன்னு கீழ பேர எழுதுங்க. படிவத்துல எடம் இல்லன்னா, படிவத்த மாத்துங்க.”