தட்டிப் பார்த்த பலகை

மச்சான்,

கையைச் சோப்புப் போட்டுக் கழுவியும் பைன் மர வாசனை போகவில்லை. பிசினும் எலுமிச்சைத் தோலும் கலந்த மாதிரி ஒன்று, உனக்குத் தெரியாததா? சாக்கில் சுற்றிப் பரணில் போட்டிருந்த உன் பலகையை நேற்று இறக்கினேன். அப்போதிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது. வாசலுக்கும் கொல்லைப் பட்டறைக்கும் நடந்து நடந்து செருப்புதான் தேய்ந்தது.

எல்லாம் உன் வீட்டுக்காரி செய்த வேலை. நாம் பாதியில் விட்ட அந்த மேண்டலின் இந்தக் கிறிஸ்துமஸுக்காவது சர்ச்சில் ஒலிக்க வேண்டும், யார் வாசித்தாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டாள். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். ஆட்டிய பிறகுதான் பயம் வந்தது. முதுகும் பக்கங்களும் கழுத்தும் நீ இருக்கும்போதே முடிந்துவிட்டன. மிச்சம் இருந்தது முகப்பலகை ஒன்றுதான். சத்தமே அதில்தான் இருக்கிறது. உள்பக்கத்தைக் குடைந்துகொண்டே போக வேண்டும். தடிமனாக விட்டால் ஊமை. கொஞ்சம் அதிகமாகச் சீவினால் கம்பி இழுக்கிற இழுப்பில் உள்ளே அமுங்கிவிடும். எங்கே நிறுத்துவது என்று காதுதான் சொல்ல வேண்டும். கை என்னுடையது, காது உன்னுடையது என்பதுதானே நம் ஒப்பந்தம்? வார்ப்படப் பட்டறைக்கு மர அச்சு செய்கிற எனக்கு அளவு தெரியும். அங்கே இருக்கிற இரைச்சலில் என் காது எப்போதோ மந்தமாகிவிட்டது. கெட்டுப்போனால் வேறு பலகையும் கிடையாது.

அந்தப் பலகைக்காக நாம் அலைந்த அலைச்சல்! ஆவடி ஃபேக்டரியில் உனக்கு லீவு என்றால் எனக்கும் கால் வீட்டில் தங்காது. பூந்தமல்லி ரோட்டில் இடித்த வீட்டுச் சாமான் விற்கிற கடைகள், அம்பத்தூர் மரவாடிகள், ஒன்று விடாமல் ஏறி இறங்கினோம். பலகையின் மூலையை இரண்டு விரலால் தொங்கப் பிடித்து, நடுவிரல் முட்டியால் ஒரு தட்டு தட்டிக் காதைக் கொடுப்பாய். தேறாததற்கு "ஊமை" என்பாய். தேறினால் "ம்", அவ்வளவுதான். ஒரு கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாரே: "இன்னா நைனா, மரம் வாங்க வந்தியா, மரத்துக்கு ஜொரம் பாக்க வந்தியா?"

அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் வீடு கட்ட வெட்டிய பலாவை ஈரத்தோடு வாங்கி வந்தது நினைவிருக்கிறதா? காய்வதற்கு எவன் காத்திருப்பான் என்று, எங்கள் பட்டறையில் மணல் அச்சு சுடுகிற ஓவனுக்குள் அதை வைத்தோம். யோசனை உன்னுடையது, கதவைத் திறந்துவிட்டவன் நான். கொஞ்ச நேரத்தில் உள்ளே பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். பலா நாலாகப் பிளந்து கிடந்தது. போர்மேன் திட்டியதைவிட நீ சிரித்த சிரிப்புக்குத்தான் எனக்குக் கோபம் வந்தது.

கடைசியில் நாம் தேடியது எங்கள் வார்ப்படப் பட்டறைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அடுத்த கம்பெனிக்கு வெளிநாட்டு மெஷின் வந்து இறங்கிய பெட்டியை உடைத்து, வாட்ச்மேன் வெந்நீர் போடக் குவித்திருந்தார்கள். அதிலிருந்து ஒன்றை உருவித் தட்டினாய். குளிர்தேசத்தில் மெதுவாக வளர்ந்த மரம், ரேகைகள் நெருக்கமாக, கோடு போட்ட நோட்டுத் தாள் மாதிரி. "ம்" என்றாய். அப்புறம் நீ சொன்னதுதான் எனக்கு ஆச்சரியம். "மச்சான், இத்த மட்டும் அவசரப்படுத்தாத. நம்ம ஊரு மழைய ரெண்டு வாட்டி பாக்கட்டும்."

நெமிலிச்சேரியில் ரயில் நிற்பதற்கு முன்பே குதிக்கிறவன் சொன்ன வார்த்தை அது. முதல் மழையை நீயும் பார்த்தாய். இரண்டாவது மழைக்கு முன் உன் நெஞ்சு நின்றுவிட்டது. பலகைக்கு அவ்வளவு பொறுமை சொன்னவன் நீ போவதற்கு ஏன்டா அவசரப்பட்டாய்? இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் உன்னைப் பெட்டிக்குள் கிடத்தியிருந்தார்கள். மாலையைப் போட்டுவிட்டு நகர வேண்டியவன், என்னை அறியாமல் பெட்டியின் ஓரத்தை விரல் முட்டியால் தட்டிவிட்டேன். உன் மைத்துனர்கள் என்னை முறைத்தார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. தலைமாட்டில் இருந்த உன் வீட்டுக்காரி மட்டும் நிமிர்ந்து பார்த்து, அழுத குரலிலேயே கேட்டாள்: "எப்டிண்ணா கீது?"

"ஊமைம்மா" என்றேன். அதற்குமேல் அங்கே நிற்க என்னால் முடியவில்லை.

இன்று மத்தியானம் அவள் என் கொல்லைப் பட்டறைக்கு வந்தாள். அதற்குள் பலகையை இரண்டாக அறுத்து, நடுவில் ஒட்டி, வெளிப்பக்கத்தை முடித்து, உள்பக்கம் குடைய ஆரம்பித்திருந்தேன். பசை காய ஒரு ராத்திரிதான் கொடுத்தேன், திட்டாதே. ஒரு சீவல் சீவுவேன், தட்டுவேன். ஒன்றும் விளங்காது. இன்னொரு சீவல். கை வியர்த்து உளி வழுக்கியது. பேசாமல் விட்டுவிடலாம், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று அவளிடம் சொல்ல வாயெடுத்தேன்.

"நிறுத்தாதண்ணா, தட்டு" என்றாள்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். நான் தட்டினேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். சீவிவிட்டுத் தட்டினேன். மறுபடியும் அதே தலையாட்டல். உனக்கு எப்படித் தெரியும் என்று அவளிடம் கேட்டேன். "ஊட்ல கட்டிலு, பீரோ, அரிசி டப்பா எதையாச்சும் தட்டாம உட்டு வெச்சாரா? இத்தன வருசம் கேட்டுகினுதான கீறேன்" என்றாள். அதைச் சொல்லும்போதும் அவள் திரும்பவில்லை.

உளியை வைத்துவிட்டு உப்புத்தாளால் லேசாக இழுத்தேன். பலகையின் மூலையை உன்னைப் போலவே தொங்கப் பிடித்துத் தட்டினேன்.

"ம்" என்றாள்.

அதே உன் "ம்"தான். அந்த இழுப்பு, அந்த முடிப்பு. நான் சட்டென்று கதவுப் பக்கம் பார்த்துவிட்டேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இதற்குமேல் ஒரு சீவல்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

இனி ஒட்டவேண்டும், கம்பி கட்டவேண்டும். கிறிஸ்துமஸுக்கு நாள் இருக்கிறது. என் விரல் மட்டும் அடங்கவில்லை. பஸ் சீட்டு, பூஜை அலமாரி, ஊரான் வீட்டுக் கதவு, எதையும் விடுவதில்லை. இதை எழுதுகிற மேசையையும் இப்போது தட்டிப் பார்த்தேன்.

ஊமை.